ஆணி குத்திய டயர்: ஒட்டி ஓட்டுவதா, மாற்றிவிடுவதா?

பைக்கின் பின் டயரில் பளிச்சென்று ஓர் ஆணித் தலை. கண்டதும் பிடுங்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஆணி உள்ளே வரை இறங்கியிருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. தரையைத் தொடும் பட்டன் ரப்பரின் தடிமனுக்குள்ளேயே நின்றுவிட்ட குட்டை ஆணியாக இருந்தால் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இறங்கியிருந்தால், டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் அந்த ஆணியேதான் ஓட்டைக்கு அடைப்பு; பிடுங்கினால் நின்ற இடத்திலேயே வண்டி உட்கார்ந்துவிடும். ஆணியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழ் விட்டால் பஞ்சர். அப்படியே வால்வு வாயிலும் ஒரு சொட்டு விடுங்கள். ஆணிமேல் பழி போட்டுவிட்டு வால்வில் காற்றை இழந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

பஞ்சர்தான் என்று உறுதியானால் டியூப்லெஸ் டயருக்கு நான்கு வழிகள். வெளியிலிருந்தே ஓட்டைக்குள் ரப்பர் திரி செருகலாம். டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் ஒட்டலாம். உள்ளே ஒரு டியூப் போட்டுவிடலாம். புது டயர் வாங்கலாம். இந்த நான்கையும் ஓட்டையின் அளவை மட்டும் வைத்து எடைபோடுகிறோம், பிசகு அங்கேதான்.

என் கதையையே சொல்கிறேன். ஒருமுறை பின் டயரில் காற்று முழுக்க இறங்கிவிட்டது. தள்ள அலுப்பு. மெதுவாகத்தானே போகிறோம் என்று இரண்டு கிலோமீட்டர் அப்படியே உருட்டிக்கொண்டு போய்த் திரி போட்டேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு வேறு வேலைக்காகச் சக்கரத்தைக் கழற்றியபோது டயருக்குள்ளே கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டியது. காற்றில்லாமல் ஓடியதில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ரப்பர் அரைபட்டு உதிர்ந்த தூள் அது. ஒரு பக்கத்தில் ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டிய நூல் இழைகள் தெரிந்தன. திரி அருமையாகப் பிடித்திருந்தது. டயர் முதல் நாளே செத்திருந்தது. அந்த மூன்று வாரமும் பின்சீட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அதிலிருந்து என் கட்சி இதுதான்: டயரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் ஒட்டுவதா மாற்றுவதா என்று முடிவு செய்யக் கூடாது. வெளியே நின்று எடுக்கும் எந்த முடிவும் வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான்.

திரியும் மஷ்ரூமும்

திரியின் பெருமை, சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது. நடுவழியில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. என் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி எப்போதும் கிடக்கிறது. ஆனால் திரி செருகும் முன் அரம் போன்ற ஊசியால் ஓட்டையைக் குடைந்து பெரிதாக்குகிறோம். ஆணி இழைகளுக்கு நடுவே ஒதுங்கிப் போயிருந்தால்கூட அந்த அரம் இழைகளை அறுத்துவிடக்கூடும். ஆணி சாய்வாக இறங்கியிருந்தால் ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும். பலர் நேராகக் குத்துகிறார்கள். ஒன்றுக்கு இரண்டு வழி உண்டாகிவிடுகிறது. இழைகள் குறுக்கே நேராக ஓடும் ரேடியல் டயரின் உள்ளே எஃகுக் கம்பிப் பட்டை இருந்தால், திரியின் ஓரமாகக் கசியும் தண்ணீர் அதில் துருவேற்றும்.

மஷ்ரூம் பேட்ச் பெயருக்கேற்றபடி காளான்தான். தண்டு ஓட்டையை நிரப்பி ஈரத்தைத் தடுக்கிறது. குடை உள்பக்கம் ஒட்டிக் காற்றைத் தடுக்கிறது. திரி இந்த இரண்டில் முதல் வேலையைச் சுமாராகவும் இரண்டாவதை அதிர்ஷ்டத்தின் தயவிலும் செய்கிறது. டயர் கம்பெனிகள் வெளியிலிருந்து போடும் திரியைத் தற்காலிக வைத்தியமாகவே பார்க்கின்றன. உள்ளிருந்து ஒட்டுவதை, அதுவும் பட்டன் பகுதியில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டையை மட்டும், நிரந்தரப் பழுதுபார்ப்பாக ஏற்கும் கம்பெனிகள் உண்டு. அப்படி ஒட்டிய டயருக்கும் டன்லப் ஒரு கட்டுப்பாடு வைக்கிறது: முதல் 24 மணி நேரம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, அதன்பிறகும் எப்போதுமே வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் விரட்டும் பழக்கம் உள்ளவருக்கு இந்த அலசலே தேவையில்லை, புது டயர்தான்.

மஷ்ரூம் ஒட்டுபவரின் அவசரம் அதைக் கெடுத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். உள்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, தூளைத் துடைத்து, சொல்யூஷன் தடவியபின் காய விட வேண்டும். விரலால் தொட்டால் ஈரமாக ஒட்டாமல் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும், அப்போதுதான் பேட்ச். ஈரத்தோடு அழுத்தினால் உள்ளே மாட்டிய கரைப்பான் ஆவியாக வழியில்லாமல் ஒட்டு கிளம்பிவிடும். அந்தச் சில நிமிடம் அவரைக் காத்திருக்க விடுங்கள். "சீக்கிரம்ணா" என்று அரிக்காதீர்கள்.

டியூப்லெஸ் டயருக்குள் டியூப்

இதை நான் ஒரேயடியாக ஒதுக்குகிறேன். ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். மணலும் தண்ணீரும் உள்ளே போய் இழைகளைத் தின்னும். டியூப்பும் டயரும் உரசி வெப்பம் கூடும். அடுத்த ஆணி குத்தும்போது, டியூப்லெஸ்ஸின் மிகப் பெரிய வரமான மெதுவான கசிவு இருக்காது. டியூப்பிலிருந்து வெளியேறும் காற்று வால்வுத் துளை வழியே தங்குதடையின்றி ஓடிவிடும்.

பாட்டிலில் வரும் அடைப்புத் திரவமும் வழித்துணைதான். ஊற்றியிருந்தால் கழற்றுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைக் கழுவாமல் எந்தப் பேட்ச்சும் ஒட்டாது.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்

பக்கச்சுவரில் ஓட்டை என்றால் பேச்சே இல்லை. சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுவர் மடங்கி நிமிர்கிறது. எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது. வட்ட ஓட்டையாக இல்லாமல் கிழிசலாக இருந்தாலும், நூல் இழை வெளியே தெரிந்தாலும், உள்ளே என் கதையின் கறுப்புத் தூள் கிடந்தாலும் அதே முடிவுதான்.

சண்டை நடப்பது தோள் பகுதியில்தான். பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் அந்த வளைவைக் கார்க்காரர்கள் ஓரம் என்று நினைத்துக்கொள்ளலாம், கார் சாய்வதில்லை. மோட்டார்சைக்கிள் ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பையே அந்தத் தோளில் சாய்த்துப் போகிறது. தரையைத் தொடும் பரப்போ ஒரு டயருக்கு உள்ளங்கை அளவுதான். அதற்குள் ஒரு திரி வந்து உட்காருவதை நான் விரும்ப மாட்டேன். ஆகவே காருக்குக் கேட்ட அறிவுரையை அப்படியே பைக்குக்கு எடுத்துவராதீர்கள்.

முன் டயருக்கும் பின் டயருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம் என்பேன். பின் சக்கரம் வழுக்கினால் சுதாரிக்கச் சில சமயம் நேரம் கிடைக்கும். முன் சக்கரம் வழுக்கினால் அடுத்த நொடி தரையில் இருப்போம். நல்ல வேளை, பஞ்சர் பெரும்பாலும் பின்னால்தான்: படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் எற்றி நிமிர்த்திவிட, பின் சக்கரம் வந்து ஏறிக்கொள்கிறது. முன் டயரில், நட்ட நடுவில், சின்ன ஓட்டை என்றால் உள்ளிருந்து ஒட்டுவேன். அதில் கொஞ்சம் பிசகினாலும் மாற்றிவிடுவேன்.

ஓட்டை ஒட்டக்கூடியதாகவே இருந்தாலும் டயருக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். பட்டனின் பள்ளங்களுக்குள் சின்ன மேடாக ஒரு தேய்மானக் குறி இருக்கும்; பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது. மோட்டார்சைக்கிள் டயர்களில் பொதுவாக 0.8 மில்லிமீட்டர் உயரம். புதிதில் பள்ளம் 7 மில்லிமீட்டர் இருந்து இப்போது 2 என்றால், தேயக் கிடைத்த 6.2-இல் மிச்சம் 1.2, அதாவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகச் சக்கரத்தைக் கழற்றி, ஒட்டி, சில மாதத்தில் மறுபடி கழற்றுவது இரட்டைக் கூலி. தவிர, மெலிந்த ரப்பரை ஆணி சுலபமாகத் துளைக்கும். அடுத்த பஞ்சரும் வரிசையில் நிற்கிறது. பட்டன் நிறைய இருந்தும் டயர் கிழடாக இருக்கலாம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் வார்த்தது. வருடக்கணக்கில் வெயிலில் நின்று வெடிப்புக் கோடு விட்ட டயரில் ஒட்டுவது வீண்.

புது டயருக்கும் செலவைத் தவிரச் சில சங்கடங்கள் உண்டு. முதல் 150 கிலோமீட்டர் வரை வழவழப்பு போகாது. திருப்பத்தில் சாய்க்காமல், அடித்துப் பிரேக் பிடிக்காமல் ஓட்ட வேண்டும். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்று மாட்டியதும் பாருங்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்று ரேடியலையும் இழைகள் சாய்வாக ஓடும் சாதா டயரையும் இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். கழற்றிய கையோடு வால்வையும் மாற்றிவிடுங்கள்.

டியூப் டயர்க்காரர்களுக்கு

பெரும்பாலும் டியூப்போடு வரும் ஸ்போக் (கம்பி) சக்கரத்தில் கேள்வியே வேறு. ஆணி குத்தினால் பொதுவாக டயர் தப்பிக்கும். ஒட்டுவதா மாற்றுவதா என்பது டியூப்புக்குத்தான். நடுவில் ஒரே ஒரு ஊசித்துளை என்றால் பேட்ச் தாராளமாகப் போதும். அருகருகே இரண்டு துளை இருந்தால் அது ஆணி வேலை அல்ல. காற்று குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறங்கியதில் ரிம் கடித்தது, அல்லது மாட்டும்போது லிவர் கடித்தது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டவே முடியாது. வால்வு சாய்ந்து நிற்பதை முன்பே கவனித்திருப்பீர்கள். காற்று குறைந்த டயர் ரிம்மில் நகர்ந்து டியூப்பையும் இழுத்துப் போனதன் அடையாளம் அது. டயரைவிட டியூப் எவ்வளவோ மலிவு என்பதால் இரண்டாவது ஒட்டுக்கு நான் போவதில்லை, புது டியூப்தான். மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஆணியின் மிச்சம் எங்கேயாவது துருத்திக்கொண்டிருந்தால் துணி சிக்கும். வெறும் விரலென்றால் விரல் கிழியும்.

எந்த வழியில் போனாலும் மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே காலை வேளையில் மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கியிருந்தால் மறுபடி சோப்புத் தண்ணீர்.