தமிழ்நிலம் இணையவழி நில அளவை: வேலி நகர்ந்த நிலத்துக்கு எவ்வளவு உதவும்?

பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்றால், வக்கீலுக்கு முன்னால் சர்வேயர்தான் தேவை. அதற்கான எஃப் லைன் மனுவை, அதாவது எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனுவை, 2023 நவம்பரிலிருந்து அரசின் தமிழ்நிலம் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கட்டணமும் அங்கேயே கட்டிவிடலாம். செலானோடு வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவது மிச்சம். அளக்கும் தேதி செல்போனுக்கு வரும். அளந்தபின் அறிக்கையையும் வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளலாம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படத்தை (உங்கள் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள், அது இலவசம். உங்கள் பங்கு உட்பிரிவாகாமல் கூட்டுப் பட்டாவில் கிடந்தால் படத்தில் உங்கள் எல்லைக்குக் கோடே இருக்காது. இல்லாத கோட்டை எந்த சர்வேயராலும் அளந்து காட்ட முடியாது. முதலில் உட்பிரிவுக்குத்தான் மனு. படத்தில் எழுதியிருக்கும் மீட்டர் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்கேல் வைத்துப் பார்க்காதீர்கள். பிரிண்டரில் தாளுக்கேற்பப் படம் சுருங்கிவிடும்.

அளக்கும் நாளில், டேப்பை எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய சர்வே கல்லிலிருந்தோ மூன்று எல்லைகள் சந்திக்கும் முச்சந்திக் கல்லிலிருந்தோ பிடித்தால் சரி. கல் கிடைக்கவில்லை என்று யாரோ கட்டிய சுவர் மூலையிலிருந்து பிடித்தால், அந்தச் சுவரின் பிசகு உங்கள் எல்லைக்கும் வந்து சேரும். 20 மீட்டர் எல்லை அரை மீட்டர் நகர்ந்தால் 10 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் சென்ட் போச்சு. பக்கத்துக்காரருக்கு நோட்டீஸ் முறைப்படி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் 'எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்' என்று கோர்ட்டில் சொல்வார்.

சர்வேயர் கல் ஊன்றுவார், வேலியைப் பிடுங்க மாட்டார். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அரசு நிலத்துக்கு மட்டும். பட்டா நிலத்துக்கு சிவில் கோர்ட்தான். அங்கே வெறும் தடையாணை கேட்டு வழக்குப் போடுவது வீண். அந்தத் துண்டு ஏற்கெனவே எதிராளி கையில் இருக்கிறது. உரிமைக்கும் அவர் மறுப்புச் சொன்னால் விளம்புகையும் (நிலம் உங்களுடையது என்ற கோர்ட் அறிவிப்பு) சுவாதீனமும் (நிலத்தைக் கையில் திரும்பப் பெறுவது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-இல் அனதுலா சுதாகர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. கோர்ட் தன் பங்குக்கு அட்வகேட் கமிஷனரை, அதாவது நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீலை, அனுப்பி மறுபடி அளக்கச் சொல்லலாம். அப்போதும் எஃப் லைன் அறிக்கை கையில் இருந்தால் வழக்கு மனுவின் சொத்து விவரத்தில் எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் என்று துல்லியமாக எழுதலாம்.

வேலி நகர்ந்து 6 மாதத்துக்குள் என்றால் குறித்தவகை பரிகாரச் சட்டம் 6-ஆம் பிரிவில், உரிமை யாருடையது என்று நிரூபிக்காமலே சுவாதீனத்தைத் திரும்பக் கேட்கலாம். பஞ்சாயத்துப் பேசிக்கொண்டே அதைத் தாண்டினால், பத்திரத்தோடு உரிமை வழக்குத்தான். அதற்குக் கெடு 12 ஆண்டு.