டர்பன் குழிகளும் என் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5ம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செகண்ட் ஹேண்டில் வாங்கி சில வருடமாக ஓட்டிவரும் மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றியது இது. மூன்றாம் தலைமுறை வண்டி, கார்ப் பிரியர்கள் என்சி என்பார்கள். 2005 முதல் 2015 வரை வந்த வரிசை. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 118 கிலோவாட், கையால் போடும் 6 கியர், பின் சக்கர இழுவை, கையாலேயே மடக்கும் கூரை. இருக்கை இரண்டுதான். டிக்கி 150 லிட்டர். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்கினால் வாழைத்தார் மடியில் உட்கார்ந்துதான் வரவேண்டும். "ரெண்டு பேர் போற வண்டிக்கு இவ்வளவு காசா?" என்று அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார். பதில் சொல்லவில்லை. சொல்லும்படியான பதிலும் கிடையாது.

டர்பனில் இருக்கிறவர்கள் பழைய கார் வாங்கும்போது ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) வண்டியாகப் பார்ப்பது வழக்கம். கடற்காற்றில் நின்ற வண்டியின் அடிப்பாகம் துருவில் கரைந்திருக்கும், மேட்டு நிலத்து வண்டியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே கோடையில் ஆலங்கட்டி மழை உண்டு. ஆகவே பானட்டையும் டிக்கி மூடியையும் வெயிலில் சாய்வாகப் பார்த்து, சின்னச் சின்ன நெளிவுகள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். நான் வாங்கியதும் ஜோபர்க் வண்டிதான். அங்கே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எஞ்சின், கடல்மட்டத்துக்கு வந்ததும் உயிர் பெற்றதுபோல் இழுத்தது. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்றின் அடர்த்திதான் பலம்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஃபோர்டின் டூராடெக் எஞ்சின் இதே குடும்பம் என்பதால் சாதாரண உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள், கூலன்ட் தொட்டியின் பிளாஸ்டிக் மஞ்சளடித்து நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தால் வெடிக்கும் முன்பே மாற்றுங்கள். அவ்வளவுதான். இந்த வண்டியில் என் பணத்தைத் தின்றவை இரண்டு: தண்ணீர், குழி.

முதலில் தண்ணீர். கூரை நடுவில் ஒரே கொக்கி. விடுவித்துப் பின்னால் தள்ளினால் இருக்கையில் உட்கார்ந்தபடியே மடக்கிவிடலாம், மேலே தனியாக உறை போடத் தேவையில்லை. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேறும். அந்தத் துளை அடைத்தால் தண்ணீர் சீட் பெல்ட் இருக்கும் இடத்தில் தேங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. வண்டிக்குள் ஈரத்துணி வாடை வந்த பிறகுதான் தெரியும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே மழைக்காலம். மாமர நிழலில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை வடிகாலைப் பார்ப்பது நல்லது. புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கயிறு இருக்கிறதே, அதை மெதுவாக உள்ளே விட்டு எடுத்தால் போதும். கம்ப்ரெசர் காற்றை அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். எனக்கு ஒருமுறை அடைத்தது இலை அல்ல, சாமந்தி இதழ். பக்கத்துத் தெரு அக்காவின் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றார்கள். மறுக்க முடியுமா? மாப்பிள்ளை மேல் தூவிய பூவில் பாதி வடிகாலுக்குள் போய்விட்டது.

கூரையை ஈரமாக மடக்கி வைக்காதீர்கள். டர்பன் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், சீட் பெல்ட்டில்கூட வெள்ளை படியும். ஓரத்து ரப்பர்களுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவி வந்தால் காற்றுச் சத்தமும் குறையும்.

இனி குழி. டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி லாரியில் போகிறது. தாரில் விரிசல் விழுந்து, அதில் மழைநீர் இறங்கி, மேலே லாரி ஏறி ஏறி அடியில் உள்ள ஜல்லியைக் கரைத்துத் தள்ளிவிடுகிறது. ஏப்ரல் 2022 வெள்ளத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். மழை நின்ற கையோடு வண்டியை எடுத்தால் சாலையில் தெரிவது வெறும் தண்ணீர்த் தேக்கமா, அரை அடிக் குழியா என்று சொல்ல முடியாது. மிட்லேண்ட்ஸ் பக்கம் ஆர்103 சாலை, ஹோவிக் தாண்டி நாட்டிங்ஹாம் ரோடு வரை, கூரையைத் திறந்துகொண்டு போக இதைவிட நல்ல பாதை இந்த மாகாணத்தில் இல்லை. சக்கரம் வளைய இதைவிட நல்ல பாதையும் இல்லை.

என் வண்டியில் வந்த டயர் 205/45 ஆர்17: அகலம் 205 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். அதாவது தரைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுமார் 92 மில்லிமீட்டர். குழியின் கூர்மையான விளிம்பில் இடிக்கும்போது அந்த ரப்பர் முழுதாக நசுங்கி, அடி நேராக அலுமினியத்தில் விழுகிறது. அலாய் வீலை இங்கே எல்லோரும் மேக் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மேக் வளைவது பெரும்பாலும் உள்பக்க விளிம்பில். ஆரக்கால்கள் வெளிப்பக்கம் இருப்பதால் உள்பக்கத்துக்குத் தாங்கல் குறைவு. வெளியே நின்று பார்த்தால் சக்கரம் புதிது போல மினுங்கும், உள்ளே முட்டை வடிவில் இருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் வண்டியை ஜாக்கில் ஏற்றி, நாலு சக்கரத்தையும் கையால் சுற்றி உள்விளிம்பைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முன் சக்கரம் வளைந்தால் ஸ்டியரிங் நடுங்கும், என்2 நெடுஞ்சாலையில் 100 தாண்டும்போது நன்றாகவே தெரியும். பின் சக்கரம் என்றால் நடுக்கம் இருக்கைக்கு அடியில் வரும். வாரம் ஒருமுறை ஒரே டயரில் காற்று குறைந்தால் அதுவும் வளைவின் அறிகுறியாக இருக்கலாம், டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டாமல் கசிகிறது. முதல் தடவை நான் போன டயர் கடையில் பாலன்சிங் செய்து, ஈயம் ஈயமாக ஒட்டி அனுப்பினார்கள். நடுக்கம் போகவில்லை. பாலன்சிங்கில் எடை சரியாகும், உருண்டை சரியாகாது.

மேக் நிமிர்த்துவதற்கென்றே சாட்ஸ்வொர்த்தில் ஒரு அங்கிள் இருக்கிறார். தாத்தா காலத்துத் தமிழில் நாலு வார்த்தை, மீதி ஆங்கிலம் என்று பேசுகிறவர். என்னை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். டயரைக் கழற்றி, மேக்கை நடுத்துளையில் பிடித்துச் சுழலவிட்டு, விளிம்பில் டயல் கேஜின் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) முள்ளை வைப்பார். முள் எங்கே எகிறுகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. அப்புறம் அந்த இடத்தில் மட்டும் இதமாகச் சூடு காட்டி, ஹைட்ராலிக் ஜாக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். அலுமினியம் முரண்டு பிடித்துக் கொஞ்சம் திரும்பி வரும், மறுபடி தள்ளுவார், மறுபடி சுற்றுவார். மேலும் கீழுமான ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால்தான் இறக்குவார். பக்கவாட்டு ஆட்டத்தைத் தனியாகப் பார்ப்பார்.

சூடு விஷயத்தில் கவனம் வேண்டும். மேக்குகள் வெப்பப் பதம் செய்து வலு ஏற்றிய அலுமினியக் கலவையில் ஆனவை. கண்மூடித்தனமாக கேஸ் தீயைக் காட்டினால் அந்த வலு இறங்கிவிடும். நிமிர்ந்த மேக் பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த குழியில் முன்பைவிடச் சுலபமாக வளையும். நிமிர்த்திய இடத்தைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்துக் கருகியிருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிறவர்களிடமும் வேண்டாம். அது இரும்பு ரிம் வைத்தியம்.

விரிசல் வேறு கதை. நிமிர்த்தும் முன்னும் பின்னும் அங்கிள் சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடிப்பார். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வரும். என் முன் இடது மேக்கில் ஆரக்கால் அடியில் அப்படி ஒரு கோடு வந்தது. "தம்பி, இது முடிஞ்சுது" என்று ஓரமாக வைத்துவிட்டார். வெல்டிங் செய்து தர ஆள் இருக்கிறார்கள் என்றேன். "அவங்க கிட்ட போ, ஆனா அந்தக் கார்ல என்னை ஏத்தாதே" என்றார். நானும் வெல்டிங்கை நம்புவதில்லை. உள்விளிம்பில் ஒரு சின்ன விரிசல் என்றால் வாதம் செய்யலாம், ஆரக்காலில் என்றால் குப்பைதான். ஒரே மேக்கை ஒரே இடத்தில் மூன்றாவது முறை நிமிர்த்துவதும் அதே கணக்குதான், உலோகம் களைத்திருக்கும். நிமிர்த்த சில நூறு ராண்டு, அசல் மேக் புதிதாக வாங்கப் பல ஆயிரம். அந்த வித்தியாசம்தான் பலரையும் மூன்றாவது முறைக்கு இழுக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல், இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் மருந்தும் சின்ன கம்ப்ரெசரும்தான் தருகிறார்கள். ஆணி குத்தினால் அது போதும். குழியில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால் மருந்து எதற்கும் உதவாது, டோ டிரக்தான். சாலையோர உதவி சேர்ந்த இன்சூரன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். மேக், டயர் சேதத்துக்குத் தனியாகவும் பாலிசி கிடைக்கிறது.

கடைசியில் நான் 16 அங்குலத்துக்கு இறங்கிவிட்டேன். இதே வண்டிக்கு 205/50 ஆர்16 டயரும் கம்பெனி அளவுதான், ஐந்து நட்டு, அவை அமரும் வட்டத்தின் விட்டம் (பிசிடி) 114.3 மில்லிமீட்டர், பிரேக் இடிக்காது. மொத்த விட்டத்தில் வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை என்பதால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. ஆனால் ரப்பர் பத்து மில்லிமீட்டர் கூடுகிறது. அந்தப் பத்து மில்லிமீட்டருக்குப் பிறகு அங்கிளைப் பார்க்கப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. வளைவில் ஸ்டியரிங் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்பது உண்மை. பக்கத்து வீட்டுப் பையன்கள் 18 அங்குலம் போட்டு, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குகிறவர்கள், என் சக்கரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சரி, சிரிக்கட்டும்.

டயர் காற்று குளிர்ந்த நிலையில் 2.0 பார், அதாவது 29 பிஎஸ்ஐ. இங்கே பெட்ரோல் பங்கில் ஊழியர்களே காற்று அடித்துவிடுவார்கள், அளவைச் சொல்லாவிட்டால் கைக்கு வந்ததை அடிப்பார்கள். இதற்குக் கீழே போகவிடாதீர்கள், காற்று குறைந்த டயரில்தான் ரிம் சீக்கிரம் அடிவாங்கும். பெரிய குழியில் விழுந்த பிறகு மேக்கை மட்டும் பார்த்தால் போதாது, வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள். உப்புக் காற்றில் பின் பிரேக் கேலிப்பரின் பின்கள் இறுகிக்கொள்ளும், சர்வீஸ்தோறும் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

இழப்பீடு கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம். முதலில் அது யாருடைய சாலை என்று தெரிய வேண்டும்: நகராட்சியா, மாகாணமா, தேசிய நெடுஞ்சாலையா. அரசு அமைப்புகள் மீதான வழக்குகளுக்கான 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். குழியின் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல், இடம், நேரம், ரசீது எல்லாம் வைத்திருங்கள். நிமிர்த்தும் கூலி சில நூறு என்பதால் நான் இதுவரை அந்தப் பக்கம் போகவில்லை. டயரும் மேக்கும் சேர்ந்து போனால் போவேன்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த வண்டிக்கான காலம். மழை இல்லை, வெயில் இதம், எம்4 கடற்கரைச் சாலையில் காலையில் கூரையைத் திறந்தால் ஹீட்டரை லேசாக வைத்துக்கொண்டு பலிட்டோ வரை போகலாம். டிசம்பரில் திறந்தால் ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சிவப்பு விழும்போதெல்லாம் தலை வேகும். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும். டயரின் பட்டன் (தரையில் தேயும் ரப்பர்) இன்னும் பாக்கி இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் அச்சடித்த தேதியைப் பார்த்தால் வயதாகிவிட்டது. அப்போதே அந்த இரண்டு மேக்கையும் அங்கிளின் டயல் கேஜில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.