ஒரே பிளேஸ்டேஷன், நான்கு வகை ஆட்டக்காரர்கள்

1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய 'மட்' என்ற கணினி விளையாட்டை வளர்த்தெடுத்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். 1996-இல் அவர் ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்துச் சீட்டுக்கட்டின் சின்னங்களைச் சூட்டினார்: சாதிப்பவர் டைமன்ட், தோண்டித் துருவுபவர் இஸ்பேட், கூடிப் பேசுபவர் ஆர்ட்டின், அடித்து வீழ்த்துபவர் கிளாவர். துனி என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகிய டர்பன்காரர்களுக்கு இந்த நால்வரையும் மேசையிலேயே தெரியும். பலர் சேர்ந்தாடும் ஆட்டங்களுக்குத்தான் பார்ட்டில் இதைச் சொன்னார்; தனியாட்டத்துக்கும் நீட்டுவது என் துணிச்சல்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கேம் வாங்குபவர் தாம் எந்த ரகம் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. நம் ஊர் மின்சாரமும் இணையமும் நால்வரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

அதிகம் அடிபடுபவர் அடித்து வீழ்த்துபவர்தான். கவுண்டர்-ஸ்ட்ரைக் போலத் தென்னாப்பிரிக்காவிலேயே சர்வர் உள்ள ஆட்டம் என்றால் சமமாக மோதலாம். சர்வர் ஐரோப்பாவில் இருந்தாலோ, கடலடிக் கேபிள் வழியே தகவல் போய்த் திரும்பவே சுமார் 150 மில்லி வினாடி பிடிக்கும். சுவருக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்துவிட்டோம் என்று மூச்சு விடும்போது, குண்டு பட்டு விழுந்திருப்பார். எவ்வளவு விலை கொடுத்து ஃபைபர் போட்டாலும் கடல் தூரம் குறையாது. ஆகவே கிராபிக்ஸை விடுங்கள், சர்வர் எங்கே என்று கேளுங்கள்.

சாதிப்பவருக்கு 2008-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த, ஆட்டத்தில் செய்யும் சாதனைகளுக்குக் கிடைக்கும் கோப்பைகளே உயிர். உச்சக் கோப்பையான பிளாட்டினம் கிடைக்கும்வரை ஒரே ஆட்டத்தை மாதக்கணக்கில் அரைப்பார். கொடுத்த காசு வீணாகாது. ஆனால் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த 2023-இல் இவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரிய எதிரியின் உயிர்ப்பட்டையில் நூலளவு சிவப்பு மிச்சம் இருக்கும்போது தெருவே இருண்டுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் அன்றிரவு யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

என் ஓட்டு துருவுபவருக்கே. கையில் பிடித்தும் ஆடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்சில் 2017-இல் வந்த செல்டா ஆட்டத்தில் கண்ணில் படும் மலையில் ஏறிவிடலாம். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும், இணையமும் வேண்டாம். ஒரே குறை, இவர் எதையும் முடிப்பதில்லை. கோட்டையில் இளவரசி காத்துக்கிடப்பார். இவர் காட்டில் காளான் பறித்துச் சமைத்துக்கொண்டிருப்பார்.

கூடிப் பேசுபவருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஞாயிறு பிரியாணிக்குப் பிறகு மைத்துனர்கள் மோதிக்கொள்ள ஒரு கால்பந்து ஆட்டம் போதும். ஃபிஃபா என்ற பெயர் 2023-இல் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று மாறியதற்காகவெல்லாம் ஆண்டுதோறும் ரேண்டைக் கொட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது கண்ட்ரோலர் வாங்குங்கள்.