இன்டர்கூலருக்காக இழந்த 38,500 ரூபாய்: கடலூர், புதுச்சேரி கார்க்காரர்கள் கவனத்திற்கு

நேற்று மாலை வரை பொறுத்திருந்தேன். இனிப் பொறுப்பதில் பொருள் இல்லை என்பதால் எழுதுகிறேன். புதுச்சேரியில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உள்ள கார்களுக்கு, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாகப் பொருத்தித் தரும் பட்டறை ஒன்றில் 38,500 ரூபாயை இழந்திருக்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. வாசலில் அலாய் வீல்களை அடுக்கி வைத்து, காரின் வேகத்தைக் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் வகையைச் சேர்ந்த கடை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் மூன்று நாட்கள் சென்று வருபவன் நான். அக்னி நட்சத்திர வெயிலில், ஏ.சி. ஓடும்போது, என்னுடைய 1.5 லிட்டர் டர்போ டீசல் காரில் இழுவை குறைவதாகத் தோன்றியதால் அங்கே போனேன். எடுத்த எடுப்பிலேயே உரிமையாளர் எதையும் விற்க முயலவில்லை என்பதுதான் என்னை வீழ்த்தியது. பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து வரும் குழாயின் மீது வெப்பமானியைக் காட்டி, "காத்த அமுக்குனா சூடாவும் சார், சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி" என்றார். அது உண்மைதான். 35 டிகிரியில் உள்ள காற்றை டர்போ 1.2 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிட அவ்வளவு கூடுதலான அழுத்தத்துக்கு, அழுத்தும்போது அதன் வெப்பம் 140 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். அதைத் தணித்து எஞ்சினுக்கு அனுப்பத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. நான் கடலூர் என்றதும், "நம்ம மாமியார் வீடு திருப்பாதிரிப்புலியூர் சார், உங்ககிட்ட போயி லாபம் பாப்பனா?" என்று டீ வரவழைத்தார். அதன் பிறகுதான் அந்தப் பொய்யைச் சொன்னார்: பெரிய இன்டர்கூலர் போட்டால் பூஸ்ட் 0.3 பார் ஏறுமாம். 45,000 என்று தொடங்கி 38,500 ரூபாய்க்கு இறங்கினார். பில் கேட்டதற்கு ஜி.எஸ்.டி. சேரும் என்றார், நானும் தலையாட்டிவிட்டு, அவருடைய தம்பியின் எண்ணுக்கு யு.பி.ஐ. மூலம் பணத்தை அனுப்பினேன்.

இன்டர்கூலர் அழுத்தத்தை உண்டாக்கும் கருவியே அல்ல என்பதைப் பணம் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்பதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. முடிவு செய்து, சென்சார் காட்டும் அளவைப் பார்த்து டர்போவை ஏற்றி இறக்குகிறது. நல்ல இன்டர்கூலர் செய்வதெல்லாம் அதே அழுத்தத்தில் காற்றை அடர்த்தியாக்குவதுதான். 60 டிகிரியில் போகும் காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும், ஆனால் மீட்டரில் பூஸ்ட் ஏறாது. உள்வழி தாராளமாக இருந்தால் வழியில் வீணாகும் அழுத்தம் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் கோர், அதாவது காற்று குளிரும் இன்டர்கூலரின் உடல் பகுதி, தேவைக்கு மேல் பெரிதானால் அதையும் அதன் குழாய்களையும் நிரப்பவே டர்போவுக்கு நேரம் பிடிக்கும். கோர் மட்டமானதாக இருந்தால் அழுத்தம் அதற்குள்ளேயே தொலைந்துபோகும்.

எனக்கு நேர்ந்தது அதைவிடக் கேவலம். காரின் கணினியோடு இணைத்து அளவுகளைப் பார்க்கும் ஓ.பி.டி. ரீடர், முன்பு 1.2 பார் காட்டியது; வண்டியை எடுத்துக்கொண்டு ரெட்டிச்சாவடி வருவதற்குள் 0.8-க்கு மேல் ஏற மறுத்தது. மூன்றாம் நாள் எஞ்சின் விளக்கு எரிந்தது; பூஸ்ட் போதவில்லை என்பதைக் குறிக்கும் பி0299 குறியீடு வந்தது; முடுக்கினால் கரும்புகை.

திரும்பப் போனால், "ஈ.சி.யு. பழகணும் சார், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். அடுத்த முறை டீசல் சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை அவர் சென்னைக்குப் போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான். அவருடைய கார் கடைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. என் பழைய இன்டர்கூலரையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னிக்கே காயலான் கடைக்குப் போயிடுச்சே சார்!" அதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கேட்காமல் என் பொருளை விற்க இவர் யார்?

நேற்று கடலூரில் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணன் குழாயை அடைத்துக் காற்றை ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பார்த்தார். இரண்டு இணைப்புகளில் நுரை பொங்கியது; கிளாம்ப் அளவே பொருந்தவில்லை. கோரைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து பழைய எண்ணெய் வடிந்தது. வேறு ஏதோ வண்டியில் ஓடிய பொருளுக்குப் பெயின்ட் அடித்துப் புதிது என்று 38,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. பூஸ்ட் ஏறும் என்று சொல்லி இன்டர்கூலர் விற்பவரிடம் நிற்காதீர்கள். கழற்றிய பொருளை அன்றே வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பொருத்தியதும் காற்றழுத்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உதவி எண் 1915. என் கையில் இருப்பது தம்பியின் பெயரில் போன 38,500 ரூபாயின் யு.பி.ஐ. ரசீதும் உரிமையாளர் அனுப்பிய குரல் செய்திகளும் மட்டுமே. அவற்றோடுதான் நாளை புகார் எழுதப் போகிறேன்.

இதற்கிடையில் என் எண்ணைத் தடுத்துவிட்டார். திருப்பாதிரிப்புலியூரில் மாமியார் வீடு இருப்பதாவது உண்மையாக இருந்தால், ஆடிக்கு இல்லாவிட்டாலும் தீபாவளிக்காவது அவர் இந்தப் பக்கம் வரத்தானே வேண்டும்?