எந்த நாட்டுத் தேர்தல் பிரச்சாரம் வாக்காளரை மதிக்கிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் தேர்தல் பேச்சு எழுந்தால், உள்ளூர் வேட்பாளரைப் பற்றிப் பேசும் அளவுக்குத் தமிழ்நாட்டுத் தலைவர்களைப் பற்றியும் நம்மவர்கள் பேசுவார்கள். அந்த ஒப்பீடு பெரும்பாலும் பேச்சுத்திறன், கூட்டத்தின் அளவு, கொடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. நான் வேறோர் அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன். வாக்குச்சாவடிக்குப் போகும் முன் வேட்பாளரைப் பற்றி வாக்காளருக்கு என்ன தெரிகிறது? அவரிடம் நேருக்கு நேர் எதைக் கேட்க முடிகிறது? பணமோ மானியமோ கொடுத்து அந்தக் கேள்வியை அடக்கிவிடாமல் தடுக்க எந்தச் சட்டம் இருக்கிறது?

தமிழ்நாட்டுப் பிரச்சாரத்தின் பெருஞ்சிறப்பு, அது எளியவர்களின் அடுப்படியைத் தொட்டுப் பேசுவதாகும். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாதுரை தலைமையிலான தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று முழங்கியது. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவிலேயே அத்திட்டத்தைத் தொடங்க முடிந்தது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் தேர்தல் அறிக்கைகளில் இடம்பிடித்தன. இவற்றை இலவசங்கள் என்று ஒரே மூச்சில் இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அச்சிட்ட அறிக்கையில், எல்லார் முன்னிலையிலும், எல்லாருக்கும் பொதுவாகத் தரப்படும் வாக்குறுதியைப் பின்னர் எடுத்துக்காட்டிக் கணக்குக் கேட்கலாம். இரவில் வீடு வீடாக உறையில் வைத்துக் கொடுக்கப்படும் பணத்துக்கு அப்படிக் கணக்குக் கேட்க முடியாது. 2009ஆம் ஆண்டுத் திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயர் இன்றளவும் அந்தப் பழக்கத்தோடு சேர்த்தே பேசப்படுகிறது.

ஆனால் அந்த நோய்க்கு எதிராக இந்தியா உருவாக்கி வைத்திருக்கும் மருந்துகளை நாம் கவனிப்பதே இல்லை. உச்ச நீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளின் விளைவாக, வேட்புமனுவுடன் ஒவ்வொரு வேட்பாளரும் தம்முடைய சொத்து, கடன், கல்வித்தகுதி, தம்மீதுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வாழ்க்கைத்துணையின் சொத்தும் அதில் அடங்கும். அது தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. குற்ற வழக்கு உள்ளவர் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் வந்த விதி. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட கணத்திலிருந்து நடத்தை விதிமுறைகள் அமலுக்கு வருவதால், அமைச்சர் ஒருவர் புதிய திட்டத்தையோ நிதி ஒதுக்கீட்டையோ மேடையில் அறிவிக்க முடியாது. சாலைகளில் பறக்கும் படைகள் ஆவணமில்லாப் பணத்தைப் பறிமுதல் செய்கின்றன. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் பெருந்தொகை பிடிபட்டபோது, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள்களே இருந்த நிலையில் தேர்தலே ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டு மாதத்தில்தான் மீண்டும் நடத்தப்பட்டது. இத்தனை இருந்தும் பணம் முற்றாக ஒழியவில்லை என்பது உண்மைதான். எனினும், குற்றம் நடந்தால் தேர்தலையே நிறுத்தும் துணிவு ஓர் ஆணையத்துக்கு இருப்பது சிறிய செய்தியன்று.

இப்போது நம் நாட்டைப் பார்ப்போம். நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 ரிங்கிட்டுக்கு மேலும், சட்டமன்ற வேட்பாளர் 100,000 ரிங்கிட்டுக்கு மேலும் செலவிடக் கூடாது என்று 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டம் சொல்கிறது. கட்சி செய்யும் செலவு இந்த வரம்புக்குள் வருவதில்லை. அந்த ஓட்டை இந்தியாவிலும் அப்படியே உள்ளது. நாம் பின்தங்கியிருப்பது வேறு இடத்தில். வேட்புமனுவோடு சொத்து விவரத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொத்துகளை அறிவிக்க வேண்டும் என்று மக்களவை 2019இல் தீர்மானம் நிறைவேற்றியது. அதுவும் வென்றவர்களுக்கான ஏற்பாடு, நிற்பவர்களுக்கானதன்று. பிரச்சார மேடையில் மானியம் அறிவிக்கும் பழக்கமும் நம்மை விட்டுப் போகவில்லை. 2010ஆம் ஆண்டு சரவாக்கின் சிபு இடைத்தேர்தலில், தம் கூட்டணி வேட்பாளர் வென்றால் வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் ரிங்கிட் தருவதாக அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் மேடையிலேயே சொன்னார். அந்த வேட்பாளர் தோற்றார். வாக்காளர்கள் காட்டிய அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் வெள்ளத்தில் மூழ்கும் மக்களிடம் அப்படியொரு பேரம் பேசப்படுவதற்கே சட்டம் இடம் தந்திருக்கக் கூடாது.

அரசியல்வாதிகளை ஒப்பிட நாம் கடல் கடந்து போக வேண்டியதுமில்லை. சுங்கை சிப்புட்டின் வரலாறே போதும். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் வளர்ந்த மண் இது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தை அவர் உருவாக்கினார். அடுத்து, துன் சாமிவேலு 1974 முதல் 2008 வரை இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். மேடைத்தமிழாலும் அமைச்சர் பதவியின் செல்வாக்காலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். 2008இல் அவரை வென்ற டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் அதற்கு முன் இதே தொகுதியில் தோற்றவர். ஆண்டுதோறும் தம் சொத்து விவரத்தைத் தாமாகவே வெளியிட்டவர். எந்தச் சட்டமும் கேட்காததை ஒருவர் செய்துகாட்டிய ஊர் என்பதால்தான், இக்கோரிக்கையை இங்கிருந்து எழுப்புவது பொருத்தமானது என்று கருதுகிறேன்.

சிங்கப்பூரை ஒழுங்குக்காகப் பலர் பாராட்டுவார்கள். பிரச்சாரம் ஏறத்தாழ ஒன்பது நாள்கள். வாக்குப்பதிவுக்கு முந்திய நாள், 2011 முதல், பிரச்சாரமற்ற சிந்தனை நாள். 1988இல் வந்த குழுத் தொகுதி முறையால், இனக் கட்சியின் துணை இல்லாமலே சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இடம்பெறுகிறார்கள். ஆயினும், பெரிய அமைச்சர் ஒருவரின் தலைமையில் நான்கைந்து பேராக நிற்கும் அணியில் தமிழ் வேட்பாளரை மட்டும் தனியே எடைபோட வாக்காளருக்கு வழியில்லை. 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐந்து உறுப்பினர் கொண்ட ஒரு குழுத் தொகுதி போட்டியின்றியே முடிவாயிற்று. வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாட்டில் அத்தொகுதி மக்கள் வாக்களிக்காமலே உறுப்பினர்களைப் பெற்றார்கள்.

நம்மோடு நெருங்கிய ஒப்பீடு இலங்கையின் மலையகம்தான். இங்கே பால்மரமும் செம்பனையும்; அங்கே தேயிலை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவரைத் தேடி எந்த வேட்பாளரும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரத் தேவையில்லாமல் போயிற்று. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இன்று அங்கே நாள் சம்பளமே பிரச்சாரத்தின் மையம்: 1,000 ரூபாய் என்ற எண் பல மேடைகளைக் கடந்து 2021இல்தான் அரசிதழான வர்த்தமானியில் இடம்பெற்றது. தொழிற்சங்கமே கட்சியாகவும் இருப்பதால், சம்பளப் பேச்சில் தோற்ற தலைவரை வாக்குச்சீட்டில் தண்டிக்க முடிகிறது. அதே காரணத்தால், சங்கத்தை விட்டு விலகத் துணியாத தொழிலாளி வாக்கையும் அதற்கே அளிக்க நேர்கிறது. கட்சிக்கு வாக்களிப்பதோடு அதன் வேட்பாளர்களில் விரும்பியவரையும் குறிக்கும் விருப்பு வாக்கு முறையில் ஒரே கட்சியின் வேட்பாளர்களே ஒருவரோடொருவர் மோதுவதும் உண்டு. நம்மிடையே குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்களை நினைத்துப் பார்த்தால், மலையகத்தின் கதை அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

பிரிட்டனிலிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரே ஒரு வழக்கம். தொகுதிச் செலவுக்கு 1883ஆம் ஆண்டிலேயே வரம்பு விதித்த அந்நாட்டில், தேவாலய மண்டபத்திலோ ஊர்க்கூடத்திலோ எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே மேடையில் அமர்ந்து, ஊர்மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வது பழைய மரபு. செராமா எனப்படும் நம் பிரச்சாரக் கூட்டங்களில் ஒரு கட்சியின் பேச்சாளர்கள் மட்டுமே மாறி மாறிப் பேசுகிறார்கள். கேட்போர் கைதட்டலாம், கேள்வி கேட்பது அரிது.

அடுத்த பொதுத்தேர்தல் 2028ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திராமல், நம் ஊர்ச் சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். வேட்புமனுத் தாக்கலன்றே ஒவ்வொரு வேட்பாளரிடமும் சொத்து, வழக்கு விவரங்களை எழுத்தில் கேட்டு, தருபவர் யார், மறுப்பவர் யார் என்பதைத் தோட்டந்தோறும் அறிவிக்கலாம். பிரச்சாரத்தின் முதல் வாரத்திலேயே அனைவரையும் ஒரே மண்டபத்துக்கு அழைத்து, தோட்ட வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்படும் குடும்பத்துக்கு எங்கே, எந்த ஆண்டுக்குள் வீடு கிடைக்கும் என்பதை முதல் கேள்வியாகவும், சிவப்பு அட்டைக்காரர்களின் விண்ணப்பங்களை யார் தொடர்ந்து கவனிப்பார் என்பதை இரண்டாம் கேள்வியாகவும் கேட்டு, விடைகளை அவர்களின் கையொப்பத்தோடு வாங்கி வைக்கலாம்.