ஸ்கிரீன் பிரிண்ட் என்று சொல்லி ஒட்டுப்படம் கொடுத்தார்கள்: டீ-ஷர்ட் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

பள்ளி முடித்து 25 ஆண்டு ஆனதற்காக எங்கள் செட் ஒன்றுகூடியது. ஆளுக்கொரு கருப்பு டீ-ஷர்ட், நெஞ்சில் பள்ளிக் கட்டடத்தின் கோட்டோவியம், வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டே நிறம். 64 பேரிடமும் பணம் வசூலித்தது நான்தான். அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

கோவையில் ஒரு கடை. 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) முழுப் பருத்தி, ஸ்கிரீன் பிரிண்ட், ஒன்று 280 ரூபாய் என்று பேசினோம். சாம்பிள் நன்றாகவே இருந்தது. மை நூலைப் பிடித்துக்கொண்டிருந்தது, துணியை இழுத்தால் படமும் கூடவே விரிந்தது. இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டு 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். விழாவுக்கு முந்தின நாள் இரவுதான் மூட்டை வந்தது. மேலே இருந்த நாலைந்தைப் பிரித்தேன். படம் பளபளவென்று இருந்தது. சாம்பிளில் அந்தப் பளபளப்பு இல்லை. அவசரத்தில் அதை யோசிக்காமல் மீதி 7,920 ரூபாயையும் கொடுத்துவிட்டேன்.

முதல் சலவையோடு வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. எழுத்தின் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒருவர் நகத்தால் லேசாக நெம்பியதும் பள்ளிப் பெயரே உரிந்து கையோடு வந்துவிட்டது. திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் இருக்கும் நண்பனிடம் காட்டினேன். “இது ஸ்கிரீனே இல்லடா, டிடிஎஃப். அதையும் ஒழுங்கா பிரஸ் பண்ணல” என்றான்.

ஸ்கிரீன் பிரிண்ட் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை (அதுதான் ஸ்கிரீன்) வழியாக மையைத் துணியில் இழுத்து அச்சடிப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும். மை போட்ட பிறகு சூட்டில் கியூரிங் செய்ய வேண்டும், அதாவது மையை இறுக வைக்க வேண்டும்; பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மை என்றால் 160 டிகிரி அளவுக்கு. ஆரம்ப வேலை அதிகம், ஆனால் எண்ணிக்கை கூடக்கூட விலை இறங்கும். எங்களுடையதைப் போல 64 பீஸ், இரண்டு நிறத்துக்கு அதுதான் சரியான முறை. டிடிஎஃப் என்பது பிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் துணிமேல் ஒட்டுவது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பீஸ், பல வண்ணப் புகைப்படம் என்றால் வசதியானது, ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் சூடோ நேரமோ அழுத்தமோ குறைந்தால் உரிந்து வந்துவிடும். பிலிமை எடுத்த பிறகு இரண்டாம் முறை பிரஸ் பண்ணுவதை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்றும் நண்பன் சொன்னான்.

இதே கடையில் முதலில் “சப்ளிமேஷன் போட்டுத் தரட்டுமா, விலை குறையும்” என்றும் கேட்டார்கள். அந்தச் சாயம் சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்தான் போகும், பருத்தியில் நிற்காது. வெள்ளை மையும் அதில் கிடையாது, கருப்புத் துணியில் படமே தெரியாது. பருத்திச் சட்டைக்கு யாராவது சப்ளிமேஷன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் அப்போதே வந்திருக்க வேண்டும்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “வெந்நீரில் துவைத்திருப்பீர்கள்” என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘டீ-ஷர்ட் பிரிண்டிங், 64’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஸ்கிரீன் என்ற சொல்லே இல்லை. ஐந்து முறை அலைந்து 2,000 ரூபாய் வாங்கினேன்.

ஆகவே முறையின் பெயர், துணியின் ஜிஎஸ்எம், பருத்தியா கலப்பா எல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். மூட்டை வந்ததும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து, சாம்பிளோடு வைத்து இழுத்துப் பாருங்கள். படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஒன்றைத் துவைத்துப் பார்க்க இரண்டு நாளாவது இருக்கிற மாதிரி டெலிவரி தேதி வையுங்கள், பாக்கிப் பணம் அதற்கு அப்புறம்.

அந்தச் சாம்பிளும் உரிந்துபோன டீ-ஷர்ட் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. கோவைப் பக்கம் யாராவது ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.