பாப்பரசரும் கயிறும்: மதத்தைத் திட்டுற றொக் பாட்டை எப்பிடி வாசிக்கிறது?

குருட்டு பக்தியைக் கேள்வி கேக்கிற றொக் பாட்டு ஒண்ணு ஓடினாப் போதும், எங்கட செட்டுக்குள்ள நாலு கட்சி பிரிஞ்சிரும். ஒருத்தன் சொல்லுவான் வரியில என்ன இருக்கோ அதுதான் அர்த்தம், திட்டியிருந்தா திட்டினதுதான். இன்னொருத்தன் எழுதின ஆள்ட கதையைத் தோண்டுவான், எங்க பிறந்தான், அம்மா அப்பா என்ன மதம், எந்தப் பேட்டியில என்ன உளறினான் எண்டு. மூணாவது ஆள் "அதெல்லாம் கிடக்கட்டும், பாட்டு யாரைப் பார்த்துக் கதைக்குது, அதை முதல்ல சொல்லு" எண்டு பிடிவாதமா நிப்பான். நாலாவது ஆளுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன்ட சண்டை, கொழும்பில இருந்து கேக்கிற எனக்கு எப்பிடி விளங்குதோ அதுதான் பாட்டு, அவ்வளவுதான். நான் மூணாவது கட்சி, ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா மத்த மூணும் எங்க நிக்குது எங்க விழுது எண்டு பாட்டுப் பாட்டா வச்சுப் பார்த்தாத்தான் நியாயம்.

முதல் கட்சிக்கு செம அடி குடுக்கிற பாட்டு இங்கிலாந்து மெட்டல் பாண்ட் பிளாக் சபாத்தின்ட "ஆஃப்டர் ஃபொரெவர்", 1971ல வந்த "மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி" அல்பத்தில இருக்கு. கொட்டாஞ்சேனையில கூட்டாளி ஒருத்தன்ட வீட்டு ஹோல்ல இதைச் சத்தமா போட்டுக் கேட்டுட்டிருந்தோம், அவன்ட அம்மா ஸ்கூல்ல இங்கிலிஷ் படிப்பிச்சவங்க, குசினிக்குள்ள தேங்காய் திருவிட்டிருந்தவங்க கையில பூவோட அப்பிடியே வெளியில வந்துட்டாங்க. "என்ன தம்பி இது, பாப்பரசரைக் கயித்தில தொங்கவிட்டுப் பார்க்க ஆசையா எண்டா கேக்கிறான்?" ஓம் அன்ட்டி, அப்பிடித்தான் கேக்கிறான், ஆனா யாரிட்ட கேக்கிறான் எண்டு பாருங்க. சாமி கும்பிடுறவனைப் பார்த்துச் சிரிக்கிற ஆளிட்டத்தான் அந்தக் கேள்வி, பாப்பரசரை முட்டாள் எண்டா நினைக்கிறாய் எண்டு அதே மூச்சில கேட்டுட்டு, நான் உண்மையைக் கண்டுட்டேன், வெளிச்சத்தைக் கண்டுட்டேன் எண்டு பாட்டு திரும்பிருது. முடிவில கடவுள் ஒருத்தர்தான் காப்பாத்துவார் எண்ட இடத்துக்கே போயிருது! எழுதின கீஸர் பட்லர் பேர்மிங்ஹாம்ல ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, வட அயர்லாந்தில கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரும் அடிபட்டுட்டிருந்த காலத்தில எழுதினது.

இதுல ருசியான விசயம் என்னெண்டா, கூட்டம் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே ஓடுற அளவுக்கு உன்ட மூளை சின்னதா எண்டு பாட்டில ஒரு கேள்வி வருது, அது பக்தனைப் பார்த்து இல்ல, கூட்டாளிமாருக்கு முன்னால கெத்தா "கடவுள் செத்துட்டார்" எண்டு சொல்றவனைப் பார்த்து. அதாவது குருட்டு நம்பிக்கையைத் திட்டுற பாட்டுத்தான், ஆனா குருடன் வேற ஆள். வரியை வரியாவே வாசிக்கிறேன் எண்டு சொல்றவங்க ஒரு வரியோட நிப்பாட்டிர்றாங்க, அதுதான் அந்தக் கட்சியின்ட வருத்தம், நாலு வரி சேர்த்து வாசிச்சா அவங்களும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. சபாத் கழுத்தில தொங்கின சிலுவைகளையும் சாத்தான் வேலை எண்டு பேசின ஆக்கள் இருக்கு, பாண்டின்ட பாடகர் ஓஸியின்ட அப்பா அலுமினியத்தில செஞ்சு குடுத்த சிலுவை அது.

இந்த ஒரு வரி வாசிப்பை வெறும் பகிடியா விட்டுர ஏலாது, ஏனெண்டா நம்ம நாட்டில அதிகாரம் கையில இருக்கிறவங்க வாசிக்கிறதும் இப்பிடித்தான். மத உணர்வைப் புண்படுத்தினா தண்டனைச் சட்டக்கோவையில பிரிவு இருக்கு, அதுக்கு மேல 2007ல வந்த ஐசிசிபிஆர் சட்டம், பேர் மனித உரிமை உடன்படிக்கையின்ட பேர், பாவிக்கிறது கதை எழுதினவனையும் பகிடி விட்டவளையும் பிடிக்க. 2023 மே மாசம் ஸ்டாண்ட்-அப் கொமெடி செஞ்ச ஒரு பிள்ளையைக் கட்டுநாயக்க எயார்போர்ட்டில வச்சுப் பிடிச்சாங்களே, ஞாபகம் இருக்கும். அதை விட எங்களுக்குக் கிட்டத்தில நடந்தது அஹ்னாப் ஜஸீமின்ட கதை. மன்னார்ப் பொடியன், தமிழில கவிதை எழுதினவர், 2020 மே மாசம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உள்ள போனார், தீவிரவாதத்தைத் தூண்டுற கவிதை எண்டு குற்றச்சாட்டு. தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவங்க எடுத்துப் பார்த்தா அதுக்குள்ள வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருந்துச்சு. பிணை கிடைச்சது 2021 டிசம்பர்ல, வழக்கில இருந்து விடுதலையானது 2023 டிசம்பர்ல. கவிதையில வாற குரல் எல்லாம் கவிஞன்ட குரல் எண்டு நினைக்கிற வாசிப்புக்கு இங்க அந்தளவு விலை. அதால "என்ன மச்சான், பாட்டு வரிக்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சியா" எண்டு யாராவது கேட்டா எனக்குச் சுர்ரெண்டு ஏறும்.

ரெண்டாவது கட்சிக்கு வருவோம், ஆளைத் தெரிஞ்சாத்தான் பாட்டு விளங்கும் எண்டவங்க. இவங்கட துருப்புச் சீட்டு அமெரிக்க மெட்டல் பாண்ட் மெட்டாலிகாவின்ட "த கோட் தட் ஃபெயில்ட்", 1991ல வந்த கறுப்பு அட்டை அல்பத்தில இருக்கு. தோத்துப்போன தெய்வம் எண்டு தலைப்பிலேயே அடிக்குது, குணமாக்க வேண்டிய கையை ஆணி பிடிச்சு வச்சிருக்கு எண்டு ஒரு வரி வருது, கேட்ட உடனே இயேசுவை நேரா அடிக்கிறான் எண்டுதான் தோணும். ஆனா அதை எழுதிப் பாடின ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின்ட வீட்டுக் கதை தெரிஞ்சா எல்லாமே மாறிரும். அப்பா அம்மா கிறிஸ்டியன் சயன்ஸ் சபைக்காரர், வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறதில்ல, ஜெபம் மட்டும்தான். அம்மாவுக்குக் கேன்சர் வந்து வைத்தியம் இல்லாமலே செத்தா, பொடியனுக்கு அப்ப 16 வயசு. இதைத் தெரிஞ்சுட்டு அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டுப் பாருங்க, கோபத்துக்குள்ள அழுகை கேக்கும்.

சரி, வெண்டுட்டாங்க எண்டு நினைக்கிறீங்க, ஆனா எனக்கு ரெண்டு சந்தேகம் இருக்கு. ஒண்டு, அந்தக் கதை தெரியாத காலத்தில நாங்க பாட்டைக் கேக்கல்லையா? புறக்கோட்டையில வாங்கின கொப்பி சீடிக்குள்ள வரி அச்சடிச்ச தாளே இருக்காது, பேட்டி எங்க இருக்கப்போகுது, ஆனாலும் அந்தப் பாட்டில யாரோ யாரையோ பறிகுடுத்துட்டான் எண்டு எங்களுக்குப் பட்டுச்சு. ரெண்டாவது, ஒரு பாண்டுக்குள்ள ரெண்டு ஆள் ரெண்டு மாதிரி இருந்தா யாரைப் பார்க்கிறது? ஸ்லேயரை எடுங்க, பாடுற டொம் அராயா கத்தோலிக்கர், கித்தார் அடிச்சுப் பாட்டும் எழுதுற கெரி கிங் கடவுள் இல்லையெண்ட ஆள், கிங் எழுதினதை அராயா தொண்டை கிழியப் பாடுறார். யார்ட வாழ்க்கையை வச்சு அர்த்தம் எடுப்பீங்க? ஆள் கதை பாட்டுக்கு வெளிச்சம் போடும், இல்லையெண்டு சொல்லல்ல, ஆனா பாட்டுக்குப் பதிலா அதையே கேட்டுட்டிருக்க ஏலாதே.

இப்ப என்ட கட்சி. "நீ" எண்டு பாட்டில வந்தா அந்த "நீ" யார் எண்டு முதல்ல தேடுறது, அவ்வளவுதான் முறை, பெரிய படிப்பொண்ணும் தேவையில்ல. மெட்டாலிகா பாட்டையே திருப்பி எடுங்க. உன்ட கண்ணில நம்பிக்கை தெரியுது, உன்ட அழுகையில நம்பிக்கை கேக்குது எண்டு அது பாடுறது தெய்வத்தைப் பார்த்து இல்ல, கும்பிட்டுட்டே சாகிற மனுசரைப் பார்த்து. பேட்டி வாசிக்காமலே, சபை பேர் தெரியாமலே, பாட்டுக்குள்ள இருந்தே இது வருது. நம்பிக்கை வச்சவர்ல அவனுக்குப் பாசம், நம்பிக்கையிலதான் ஆத்திரம், ரெண்டும் ஒரே குரல்ல. ரெண்டாவது கட்சி பல பக்கம் வாசிச்சுக் கண்டுபிடிச்சதை இந்த ஒரு கேள்வி தந்திருது.

இங்கிலாந்து றொக் பாண்ட் ஜெத்ரோ டல்லின்ட "மை கோட்" இன்னும் நல்ல உதாரணம், 1971ல வந்த "அக்வாலங்" அல்பம், அதே வருசம் பாருங்க, சபாத்தும் இதுவும். அட்டையில பைபிள் தொடக்கத்தைத் தலைகீழாக்கி, ஆதியில மனுசன் கடவுளைப் படைச்சான் எண்டு அச்சடிச்சிருக்கு, அதைப் பார்த்துட்டு ஆக்கள் பாட்டை எழுதிப் பாடின இயன் அண்டர்சன் பச்சை நாத்திகன் எண்டு முடிவு கட்டிட்டாங்க. ஆனா பாட்டு கதைக்கிறது சனத்தோட. என்ன வேலை செஞ்சு வச்சிருக்கிறீங்க, அவரைத் தங்கக் கூட்டில பூட்டிட்டீங்களே, உங்கட மதத்துக்கு ஏத்த மாதிரி அவரை வளைச்சிட்டீங்களே எண்டு. கடவுள் இதுல குற்றவாளி இல்ல, சிறைக்கைதி. இந்த இடத்தில எங்களுக்கு வெள்ளைக்காரனே தேவையில்ல, சிவவாக்கியர் இதை எப்பவோ பாடி முடிச்சிட்டார். "நட்டகல்லைத் தெய்வமென்று நாலுபுட்பம் சாத்தியே" எண்டு தொடங்கிறதை மட்டும் கேட்டா கோயிலை இடிக்க வந்த ஆள் மாதிரி இருக்கும், "நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" எண்டு மூணாவது அடியில உள்ளுக்குள்ள ஒரு நாதனை இருத்திர்றார். அவர் "ஏதடா" எண்டு கேக்கிறது கல்லைச் சுத்தி வாற மனுசனைத்தான். சைவக் கூட்டத்தில இதைப் பாடினா தலையாட்டுற பெரியவங்க அண்டர்சன் பாட்டுக்கு மூஞ்சியைச் சுழிக்கிறது எனக்கு எப்பவும் சிரிப்பு.

யார் கதைக்கிறான் எண்ட கேள்வியும் இதோட ஒட்டினதுதான். ஜெனிசிஸ் பாண்டின்ட "ஜீசஸ் ஹீ நோஸ் மீ"ல ஃபில் கொலின்ஸ் தன்ட குரல்ல பாடல்ல, டீவியில வந்து காசு கேக்கிற அமெரிக்கப் போதகர்ட வாயாலதான் பாடுறார், ஆண்டவருக்கு என்னைத் தெரியும், நான் சொல்றது சரி எண்டு. 1980களின்ட கடைசியில அங்க டீவிப் போதகர் ரெண்டு பேர் நாறிப்போனாங்க, ஜிம்மி ஸ்வாகர்ட் 1988ல மேடையில அழுதார், ஜிம் பேக்கர் 1989ல மோசடி வழக்கில உள்ள போனார், அந்தச் சூட்டில வந்த பாட்டு. இதைச் சொன்னது சொன்னதுதான் எண்டு வாசிச்சா சாட்சிப் பாட்டு ஆகிரும், கிறிஸ்மஸ் கரோல்ல போட ஏலும்!

நாலாவது கட்சியை நான் லேசில தள்ளிவிட மாட்டேன், ஏனெண்டா நானும் கொழும்பிலதான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்க, பொட்டு வச்ச அம்மாமார், பௌத்த சனம் எல்லாரும் மெழுகுதிரியோட நிப்பாங்க, யாரும் யாரிட்டயும் நீ என்ன மதம் எண்டு கேக்க மாட்டாங்க. அதே கோயில்லதான் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிச்சுச்சு. அதுக்குப் பிறகு மதம் எண்டாலே கொலை எண்டு ஒரு பாட்டு சொல்லும்போது எனக்கு முந்தி மாதிரிக் கேக்க ஏலாது, நாலே நாளில திரும்பக் கும்பிட வழி தேடின சனத்தையும் ஞாபகம் வருது, குண்டோட வந்தவனையும் ஞாபகம் வருது, ரெண்டையும் நம்பிக்கை எண்ட ஒரே பேர்ல அடைக்க மனம் வருதில்ல. இது பேர்மிங்ஹாம்காரனுக்கு விளங்காத கேள்வி, சரி.

ஆனா இந்தக் கட்சியின்ட ஆபத்தும் இங்கதான் கிடக்கு. 2010 மார்ச்ல அமெரிக்கப் பாடகர் ஏகோன்ட கொன்சர்ட்டுக்கு என்ன நடந்துச்சு? ஒரு வீடியோவில நீச்சல் தடாகப் பார்ட்டி, பின்னால ஒரு புத்தர் சிலை, அவ்வளவுதான், கொழும்பில ஒரு மீடியா நிறுவனத்து ஒபிசுக்குக் கல்லெறி, ஆளுக்கு விசா இல்ல. பாட்டு வரியை யாரும் வாசிக்கவே இல்ல, "எங்களுக்கு இது எப்பிடிப் படுது" எண்ட கேள்வியோடயே எல்லாம் முடிஞ்சுது. அதே கொழும்பிலதான் பாமன்கடையில ஏப்ரகாம் கோவூர் இருந்தார், கேரளாவில பிறந்து தேர்ஸ்டன் கொலிஜ்ல படிப்பிச்ச மனுசன், பித்தலாட்டம் இல்லாமல் அற்புதம் காட்டுறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் எண்டு 1963ல சவால் விட்டார், 1978ல சாகும்வரைக்கும் ஒருத்தரும் வெல்லல்ல. கோவூர் கேட்டது சாமியாரை, இண்டைக்கு அதே சவாலை யாராவது விட்டா சாமியைக் கேட்டதா எழுதி வழக்குப் போட்டுருவாங்க.

கடைசியா என்ட கட்சியே மண் கவ்வின பாட்டு, எக்ஸ்டிசி எண்ட இங்கிலாந்து பாண்டின்ட "டியர் கோட்". 1986ல "கிராஸ்" எண்ட சிங்கிளின்ட பின்பக்கத்தில போட்ட பாட்டு, அமெரிக்கக் கொலிஜ் ரேடியோக்காரங்க திருப்பிப் போட்டுப் போட்டு ஹிட்டாக்கினதால பிறகு அல்பத்துக்குள்ளயும் வந்துச்சு, புளோரிடாவில ஒரு ஸ்டேஷனுக்குக் குண்டு மிரட்டலும் வந்துச்சு. சின்னப் பிள்ளை ஒண்டின்ட குரல்ல தொடங்குது, கடவுளுக்குக் கடிதம், பசி, யுத்தம், வருத்தம் எண்டு ஒரே முறைப்பாடு. மூணாவது கட்சிக் கூட்டாளிமார் உடனே பாய்வாங்க, பாரு, கடவுளைப் பார்த்துத்தான் கதைக்கிறான், அப்ப அவனுக்குள்ள பக்தி இருக்கு, இது உண்மையில ஜெபம் எண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். உன்னை நான் நம்பல்ல எண்டு அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொல்றார், ஒளிவு மறைவில்லாமல், சொல்லி முடிக்கிறதும் அதைத்தான். இங்க சொன்னது சொன்னதுதான், முதல் கட்சிக்குத்தான் மார்க். நம்பாதவன்ட பாட்டை இழுத்துப் பிடிச்சு ஞானஸ்நானம் குடுக்கிறதும் ஒரு வரியில ஆளை உள்ள தள்ளுறதும் எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ரெண்டாவது கட்சிக்காரன் ஒருத்தன் இன்னும் விடுறான் இல்ல, எழுதின ஆண்டி பாட்ரிஜே அந்தப் பாட்டில திருப்தி இல்லை எண்டு சொல்லியிருக்கிறார், அப்ப மனம் மாறிட்டார்தானே எண்டு. இல்ல மச்சான், அவருக்குக் கவலை அவ்வளவு பெரிய விசயத்தை ஒரு பாட்டுக்குள்ள ஒழுங்கா அடக்க முடியல்ல எண்டுதான், கடவுள் விசயத்தில மனுசன் அசையவே இல்ல.